சவலைக்குப் பெயர் சொன்ன டாக்டரம்மா

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டபோது, பாய்லரைப் பற்றி எழுதட்டுமா என்றேன். அதை யாருப்பா படிப்பாங்க, மறைந்த பெரியவர் யாராவது ஒருவர் வாழ்க்கையை எழுது, நம்ம வடசென்னைக்கும் ஏதாவது தொடர்பு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை வைத்தியரைத் தேர்ந்தெடுத்தேன். தொடர்பு என் வீட்டு வழியாக வருகிறது.

நான் அம்மா வயிற்றில் இருந்தபோது அக்காவுக்கு ஒன்றரை வயது. திருவொற்றியூர் குப்பத்தில் வீடு. பிள்ளைத்தாய்ச்சி பால் கொடுக்கக் கூடாது என்று ஆயா வேப்பெண்ணெய் தடவி மறக்கடித்துவிட்டார். அப்புறம் அக்காவுக்குக் கஞ்சித் தண்ணியும் டீயில் நனைத்த பொறையும்தான். 1990ல் நான் பிறந்து இரண்டு மாதத்தில் அவளுக்குக் கால் வீங்கி, முகம் உப்பி, முடி செம்பட்டையாகிவிட்டது. குழந்தை பூசினாற்போல் இருக்கிறது என்றுகூடச் சிலர் சொன்னார்களாம். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்திதான் பார்த்தவுடனே, இது சவலை பாய்ந்திருக்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடு என்றாள்.

சவலை என்றால் சும்மா நோஞ்சான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அம்மா மறுபடி உண்டானதால் தாய்ப்பால் இழந்து இளைத்த பிள்ளை என்பதுதான் அதன் பொருள். (ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியோடு பெயர் சேர்ந்திருக்கும் ராஜா சர் ராமசாமி முதலியாரின் பெயருக்கு முன்னாலும் ஒரு சவலை உண்டு. தற்செயல்தான், ஆனால் எனக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைவுக்கு வரும்.)

சிசிலி வில்லியம்ஸ் 1893ல் ஜமைக்கா தீவில் பிறந்தவர். முதல் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால்தான் ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கு மருத்துவப் படிப்பில் கொஞ்சம் கதவு திறந்தது. 1923ல் பட்டம் பெற்றார். அதற்குள் ஆண்கள் திரும்பிவிட்டார்கள், பெண் டாக்டருக்கு வேலை கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் 1929ல் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, அரசாங்க டாக்டராகப் போனார். அக்ரா நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை.

அங்கே ஒன்றிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகள் கால் வீங்கி, தோல் கறுத்து உரிந்து, யாரிடமும் ஒட்டாமல் எரிச்சலோடு வந்து சேர்ந்தார்கள். பத்தில் ஒன்பது பிழைக்கவில்லை. பூச்சி, தொற்று, ஏதோ விட்டமின் குறை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சிசிலி இறந்த குழந்தைகளைத் தாமே அறுத்துப் பார்த்தார். அதில் தொற்று ஏறி அவரே சாகக் கிடந்தார். அந்தக் காலத்தில் ஆன்டிபயாட்டிக் கிடையாதே.

விடை கிடைத்தது உள்ளூர் பெண்களிடம் கேட்டபோதுதான். அவர்களுடைய கா மொழியில் அதற்கு ஏற்கெனவே பெயர் இருந்தது: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்ததற்கு வரும் நோய் என்று அர்த்தம். அதாவது நம் குப்பத்துக் கிழவி சொன்னதேதான்! பாலை நிறுத்தி வெறும் மக்காச்சோளக் கஞ்சி கொடுத்ததில் வந்த கேடு என்று சிசிலி புரிந்துகொண்டார். டின் பாலும் மீன் எண்ணெயும் கொடுத்துப் பார்த்தார், சில பிள்ளைகள் தேறின. 1933ல் கட்டுரை எழுதினார். லண்டனில் ஒரு நிபுணர் இது பழைய பெல்லாக்ரா நோய்தான் என்று தள்ளிவிட்டார். சிசிலி விடவில்லை. 1935ல் லான்செட் பத்திரிகையில் அந்தத் தாய்மார்களின் சொல்லையே தலைப்பில் போட்டு மறுபடி எழுதினார். மருத்துவப் புத்தகங்களில் அது நிலைத்துவிட்டது.

வீக்கத்துக்குக் காரணம் புரதக் குறைவு என்று அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் நினைத்தார்கள். நம் சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் 1968ல் இதைக் கேள்வி கேட்டார். ஒரே மாதிரி சாப்பாட்டில் ஒரு குழந்தை எலும்பும் தோலுமாகிறது, இன்னொன்று வீங்குகிறது, அது எப்படி என்றார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் வைத்தியம் தெளிவாகிவிட்டது. பாய்லர்காரனான எனக்கு அது நன்றாகவே புரிகிறது. குளிர்ந்து கிடக்கும் பாய்லரை எடுத்த எடுப்பில் முழு லோடில் ஏற்றினால் டியூப் வெடிக்கும். பட்டினி கிடந்த உடம்பில் இதயம், சிறுநீரகம் எல்லாம் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். வேகமாக ஊட்டினாலோ, தேவையில்லாமல் டிரிப்ஸ் ஏற்றினாலோ குழந்தை போய்விடும். வீக்கம் வடிய நீர் பிரியும் மருந்தும் கொடுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 1999ல் வெளியிட்ட முறைப்படி, முதலில் உடம்பைக் கதகதப்பாக வைத்து, சர்க்கரை குறையாமல் பார்த்து, தொற்றுக்கு மருந்து கொடுக்க வேண்டும். 100 மில்லியில் 75 கலோரியும் ஒரு கிராமுக்கும் குறைந்த புரதமும் உள்ள பாலை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும் விடாமல் தர வேண்டும். பசி திரும்பிய பிறகுதான் 100 கலோரிப் பால். இரும்புச் சத்துகூட அதற்கப்புறம்தான்.

அக்காவைச் சேர்த்த வார்டிலும் நர்ஸம்மா பாலாடையில் கொஞ்சூண்டு கொஞ்சூண்டாகத்தான் புகட்டினார்களாம். பசியில் கிடக்கிற பிள்ளைக்கு இவ்வளவுதானா என்று அம்மா சண்டைக்கே போய்விட்டார்கள். நாலாம் நாள் எடை இன்னும் குறைந்தது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்கள். குறைந்தது வீக்கத்து நீர், சதை இல்லை என்று நர்ஸம்மா உட்காரவைத்து விளக்கினார்களாம். அப்புறம் ஒருநாள் அக்கா தானாகவே பொறை கேட்டாள்.

சிசிலி கதைக்கு வருகிறேன். மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் 1936ல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். நம் துறைமுகத்திலிருந்து ராஜூலா கப்பலில் தமிழர்கள் போய் இறங்கிய அதே மலாயா. அங்கே வேறு கூத்து. நர்ஸ் மாதிரி உடை போட்ட பெண்களை வைத்து, தாய்ப்பாலைவிட இனிப்பு டின் பால்தான் உசத்தி என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்ராவில் பால் மறந்த பிள்ளைக்கு மருந்தான டின் பால், இங்கே கைக்குழந்தையைத் தாய் மடியிலிருந்து பிரித்துக் கொன்றது. 1939ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பாலும் கொலையும் என்ற தலைப்பில் பேசினார். அப்படி விற்பதைக் கொலையாகவே கருதித் தண்டிக்க வேண்டும் என்பது அவர் வாதம். துணிச்சல்தான்.

1942ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் விழுந்தது. சாங்கி சிறையில் மூன்றரை வருடம், அதில் சில மாதம் ரகசியப் போலீஸ் பிடியில். பெரிபெரி வந்து கால் விரல்களில் உணர்ச்சியே போய்விட்டது. அந்தச் சிறை முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. 20க்கும் தாய்ப்பால்தான், 20ம் பிழைத்தன. பிற்காலத்தில் இதை அவர் பெருமையோடு சொல்வாராம்.

1948ல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். பிறகு பெய்ரூட் உட்படப் பல ஊர்களில் பாடம் நடத்தினார். 1992 ஜூலை 13 அன்று ஆக்ஸ்போர்டில் காலமானபோது வயது 98.

அந்த வருடம்தான் அக்காவைப் பால்வாடியில் சேர்த்தோம். நானும் பின்னாலேயே போய் அவள் மதியச் சாப்பாட்டில் பங்கு கேட்டேன் என்று அம்மா இப்போதும் சொல்லிக் காட்டுவார்கள்.