தொரப்பள்ளியிலிருந்து இலங்கை வரை

சுட்டிகளே! ஓசூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் செய்யும் தொழிற்சாலைகள்... கொஞ்ச தூரம் போனால் கர்நாடக எல்லை. இவை எதுவுமே இல்லாத காலத்தில், ஓசூர் பக்கத்திலுள்ள தொரப்பள்ளி கிராமத்தில் 1878 டிசம்பர் 10ஆம் தேதி பிறந்தவர்தான் ராஜாஜி. அப்பா அந்த ஊர் முன்சீப். அப்போது கிருஷ்ணகிரி மாவட்டமே கிடையாது, எல்லாம் சேலம் ஜில்லாதான்!

ஓசூரிலும் பெங்களூரிலும் படித்து, சென்னையில் சட்டம் முடித்து, சேலத்தில் பெரிய வக்கீலானார். காந்திஜி அழைத்ததும் அந்தத் தொழிலை விட்டுவிட்டார். 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து போய், உப்புச் சட்டத்தை மீறிச் சிறை சென்றார். 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே இந்தியர் அவர்தான்!

இதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கும். நாம் பார்க்கப் போவது வேறு விஷயம்.

மூன்று பாகமாக வரும் மாயாஜாலத் தேடல் கதைகளைப் படித்திருக்கிறீர்களா? அவற்றில் நடுப் பாகம்தான் ரொம்பக் கஷ்டமானது. நண்பர்கள் பிரிந்து கிடப்பார்கள். தேடிப் போனது கிடைத்திருக்காது. வீடு திரும்புவோமா என்பதே சந்தேகமாக இருக்கும். டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் நடுப் பாகம் 1954 நவம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதே சமயத்தில் இங்கே, 75 வயதான ராஜாஜி 'கல்கி' பத்திரிகையில் ஒரு தேடல் கதையை வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தார். அதுதான் ராமாயணம்! தொடரின் பெயர் 'சக்கரவர்த்தித் திருமகன்'.

அந்த வருடம் அவருக்கும் சோதனையான வருடம். முதலமைச்சராக இருந்தபோது, 1953இல் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தினமும் மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் அப்பா அம்மா செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். அப்படியானால் குயவர் வீட்டுப் பிள்ளை கடைசிவரை பானைதான் செய்ய வேண்டுமா? எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

பதவி போனதும் பேனாவை எடுத்தார் தாத்தா. 'பொன்னியின் செல்வன்' முடிந்த அதே வருடம், அதே பத்திரிகையில் ராமாயணம் ஆரம்பமானது. வால்மீகி சொன்னதை எளிய தமிழில் சொல்லி, கம்பர் எங்கே மாற்றியிருக்கிறார் என்பதையும் நடுநடுவே காட்டினார்.

தொடர் வந்துகொண்டிருந்தபோதே, டிசம்பர் 5ஆம் தேதி ஆசிரியர் கல்கி காலமானார். வயது 55தான். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு வேலை பார்த்தவர், அவரைக் குருவாக நினைத்தவர். அவர் போன பிறகும் ராஜாஜி கதையை நிறுத்தவில்லை. 1955இல்தான் தொடர் முடிந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, அனுமன் கடலைத் தாண்டும் இடம் அல்ல, அதற்கு அடுத்தது. இலங்கை முழுக்கத் தேடியும் சீதையைக் காணோம். வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்று அனுமனே மனம் உடைந்து போகிறார். அப்புறம்தான் இன்னும் தேடாத இடம் ஒன்று கண்ணில் படுகிறது. அதுதான் அசோகவனம்!

இந்த நூலுக்கு 1958இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 1972 டிசம்பர் 25ஆம் தேதி, 94 வயதில் ராஜாஜி மறைந்தார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். தான் வகித்த பதவிகளைவிட, ராமாயணமும் மகாபாரதமும் எழுதியதையே பெரிய சேவையாக நினைத்தவர் அவர்.

அவருடைய ராமாயணம் பட்டாபிஷேகத்தோடு முடிந்துவிடும். அத்தனை பாடுபட்டு மீட்ட சீதையை மறுபடியும் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்தை எழுத அவருக்கு மனம் வரவில்லை.