தூரிகையால் இடித்துரைத்த ககனேந்திரநாத் தாகூர்

நம் புதுவையிலிருந்து 1908 முதல் 1910 வரை வெளிவந்த பாரதியாரின் 'இந்தியா' வார இதழ் கருத்துப்படங்களுக்குப் பெயர் பெற்றது. அப்படங்கள் பெரும்பாலும் அயலாட்சியைச் சாடின. சில ஆண்டுகளுக்குப் பின் வங்கத்தில் ஓர் ஓவியர், தம் சொந்தச் சமூகத்தின் குறைகளையே எள்ளி வரைந்தார். அவரே ககனேந்திரநாத் தாகூர்.

கொல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் 1867 செப்டம்பர் 18 அன்று பிறந்த இவர், இளமையிலேயே தந்தை குணேந்திரநாதரை இழந்தார். ஓவியர் அவனீந்திரநாதர் இவர்தம் இளவல். கவி இரவீந்திரர் சிற்றப்பா முறையினர். ஓவியக் கல்லூரியில் பயிலாத இவர், ஹரிநாராயண் பந்தோபாத்தியாயரிடம் நீர்வண்ணம் கற்றார். கொல்கத்தாவுக்கு வந்த ஜப்பானிய ஓவியர்களிடம் தூரிகை நுட்பம் அறிந்தார். 1912இல் வெளிவந்த இரவீந்திரரின் வாழ்க்கை நினைவுகள் நூலுக்குப் படங்கள் வரைந்தளித்தார்.

தாம் தீட்டிய ஓவியம் ஒருவர் வீட்டுச் சுவரோடு நின்றுவிடும். கல்லச்சில் பதித்தால் பலர் கைக்கும் போய்ச் சேரும். இதனை உணர்ந்து, 1917இல் 'விரூப வஜ்ர', 'அத்புத லோக்' என்னும் தொகுப்புகளையும், 1921இல் 'நவ ஹுல்லோட்' என்னும் தொகுப்பையும் வெளியிட்டார். சாதியை, மக்களை அரைக்கும் பெருந்திரிகையாகக் காட்டினார். வேட்டி பாதியும் அயலுடை பாதியுமாகத் திரிந்த கனவான்களை நகைத்தார். வேடமிட்ட பக்தியையும், பெண்டிரை அடக்கியாண்ட ஆடவரையும் தோலுரித்தார். கல்வியை மாணவரைப் பிழியும் எந்திரசாலையாக வரைந்தார். நெடுங்காலம் வகுப்பறையில் நின்ற எனக்கு அப்படம் இன்றும் சுடுகிறது.

இவர் எள்ளிய கனவான்கள் வேற்றார் அல்லர். இவர் பிறந்த செல்வ வகுப்பினரே. அவ்வுரிமையை இவர் வாளா எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் தம் மாளிகையிலிருந்த அயல்நாட்டு அறைகலன்களை அகற்றி, நாட்டுக் கைவினைப் பொருள்களுக்கு இடமளித்தார். அதன் பின்னரே பிறரைச் சுட்டினார். சிற்றப்பா இரவீந்திரர் வானில் பறப்பதாகவும் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். அன்புடையாரையும் விட்டுவைக்காத அந்நகைப்பில் பகைமை இல்லை.

1930இல் பக்கவாதம் தாக்க, பேச்சும் கைத்திறனும் ஒருங்கே ஒடுங்கின. எட்டாண்டுகள் அந்நிலையில் வாழ்ந்து, 1938 பிப்ரவரி 14 அன்று மறைந்தார்.

பிறர் குற்றத்தைப் பேச நமக்கு விழா நாளும் தடையில்லை. நம் வீட்டுக் குற்றத்தை நாமே கண்டு நகைத்துத் திருந்துவதுதான் அரிது. அவ்வருஞ்செயலைத் தூரிகையால் செய்து காட்டியவர் ககனேந்திரநாதர்.