பஞ்சத்தில் பிழைத்த பண்டிதை



எல்லாம் முடிஞ்சு போச்சு என்ற வார்த்தையை நம் விடுதியில் மாதம் ஒரு தடவையாவது கேட்கிறேன். செமஸ்டர் ரிசல்ட் ஒட்டிய அன்றைக்கு ஒருவன் சொல்கிறான். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கடிதமோ போனோ வந்த அன்றைக்கு இன்னொருவன் சொல்கிறான். நாலு அரியர் விழுந்தவன், சாப்பாட்டு மணி அடித்த பிறகும் கட்டிலை விட்டு எழுந்திருப்பதில்லை. அவனுக்கு ஆறுதல் சொல்லப் போனால், உனக்கென்னப்பா தெரியும் என்று ஒரே போடு போட்டு விடுகிறான். அது நியாயமான கேள்விதான். ஆகவே நானாக ஒன்றும் சொல்லாமல், எல்லாம் முடிந்து போன இடத்திலிருந்து எழுந்து நடந்த ஒருவரை இந்த மலரின் வழியாக உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர்தான் பண்டிதை ரமாபாய் அம்மையார்.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் பெண் கல்விக்குப் பாடுபட்டவர் என்று ஒரு வரியில் இவரைப் படித்திருப்போம். மார்க் வாங்க அந்த ஒரு வரி போதும். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் எவ்வளவு கண்ணீர் இருக்கிறது என்பது அவர் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

1858 ஏப்ரல் 23 அன்று மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய கர்நாடகத்தில் உள்ள கங்காமூலா காட்டில் ரமாபாய் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே, பெரிய சமஸ்கிருத பண்டிதர். தாயார் லட்சுமிபாய். பெண்களுக்கு சமஸ்கிருதம் கற்றுத் தரக்கூடாது என்றிருந்த அந்தக் காலத்தில் சாஸ்திரியார் தம் மனைவிக்கே கற்றுக் கொடுத்தார். ஊரார் சும்மா விடுவார்களா? எதிர்ப்பு கிளம்பியது. மனுஷன் அசரவில்லை, காட்டுக்குள் ஆசிரமம் அமைத்துக்கொண்டு மாணவர்களுக்குச் சோறும் போட்டுப் பாடமும் சொன்னார். அங்கே தாயிடம் படித்த குழந்தைதான் ரமாபாய்.

வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டதில் சொத்து கரைந்தது, கடன் ஏறியது. குடும்பம் காட்டை விட்டுக் கிளம்பியது. ஊர் ஊராக, கோயில் கோயிலாகப் போய்ப் புராணம் வாசித்து, ஜனங்கள் கொடுப்பதை வாங்கிச் சாப்பிட்டுப் பிழைத்தார்கள். பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதிக்காத ரமாபாய், நடந்த வழியெல்லாம் பாடம் கேட்டு, பாகவதத்தின் ஆயிரக்கணக்கான சுலோகங்களை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்கு வளர்ந்தார்.

பிறகு பஞ்சம் வந்தது. நம் கொள்ளுப்பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிச் சொல்லி நடுங்கினார்களே, அது இருந்த அதே 1870-களில்தான் தென்னாட்டில் இந்தக் குடும்பமும் பட்டினியில் சிக்கியது. பாத்திரம், நகை, துணி எல்லாம் விற்றாயிற்று. கூலி வேலை செய்து பழக்கமில்லை, பிச்சை கேட்க வாய் வரவில்லை. பதினோரு நாள் தண்ணீரும் இலை தழையும் கொஞ்சம் காட்டுப் பழமும் மட்டுமே ஆகாரம். கண் மங்கிப் போன தகப்பனார், இனி தாங்காது, குளத்தில் இறங்கி உயிரை விட்டுவிடுகிறேன் என்று முடிவுசெய்து பிள்ளைகளிடம் விடைபெறவே தொடங்கிவிட்டார். அண்ணன் ஸ்ரீநிவாசன்தான், கௌரவம் பார்க்காமல் கூலி வேலைக்குப் போகிறேன் என்று சொல்லித் தடுத்தார். ஆனாலும் பசி விடவில்லை. சில நாளிலேயே தகப்பனார் போனார். சில மாதத்தில் தாயாரும் போனார். தாயின் உடலைத் தூக்க ஆள் இல்லை. இரண்டு பேர் இரக்கப்பட்டு வந்தார்கள். நாலாவது ஆளாகத் தோள் கொடுக்க வேண்டியவர் மகள் ரமாபாய். உயரம் குறைவு, தோளுக்கு எட்டவில்லை. ஆகவே தலையில் வைத்துச் சுமந்தார். கொஞ்ச காலத்தில் அக்காவும் போய்ச் சேர்ந்தார்.

அப்போது அவருக்குப் பதினாறு வயதுவாக்கில் இருக்கும். நம்மில் பலர் பத்தாவது முடித்துவிட்டு முதலாம் ஆண்டில் வந்து சேர்கிற வயசு.

அண்ணனும் தங்கையும் நடந்தார்கள். பஸ் இல்லை, ரயிலுக்குக் காசு இல்லை. இந்தியாவின் வடக்கு மூலை வரை ஆயிரக்கணக்கான மைல் கால்நடைதான். ஜீலம் நதிக்கரையில் குளிர் தாங்காமல் மணலில் ஆளுக்கொரு குழி தோண்டி, மேலே மணலைப் போர்த்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். இவ்வளவு விரதம், இவ்வளவு யாத்திரை, இவ்வளவு பாராயணம் செய்தும் ஏன் நமக்கு இந்தக் கதி என்ற கேள்வி அவர் மனதை அரிக்கத் தொடங்கியது. பழைய நம்பிக்கை போய்விட்டது. புதுசாக ஒன்றும் கிடைக்கவில்லை. பசியை விட இந்த வெறுமைதான் கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது.

1878-ல் கல்கத்தா வந்தார்கள். அங்கே பண்டிதர்கள் கூடிய சபையில் இந்த இளம்பெண்ணின் சமஸ்கிருதப் புலமையைக் கண்டு எல்லாரும் அசந்து போனார்கள். பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். விடிவு வந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். இல்லை. 1880-ல் அண்ணன் இறந்தார். இருந்த ஒரே துணையும் போயிற்று. அதே வருஷம் பிபின் பிஹாரி மேதாவி என்ற வங்காள வக்கீலை, சாதி கடந்து, மணம் செய்துகொண்டார். 1881-ல் மனோரமா என்ற பெண் குழந்தை பிறந்தது. 1882 பிப்ரவரியில் காலரா வந்து கணவரையும் கொண்டு போயிற்று. மணவாழ்க்கை இரண்டு வருஷம்கூட முழுசாக இல்லை. இருபத்து மூன்று வயதில் விதவை, கையில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை.

கணவருடன் அஸ்ஸாம் பக்கம் சில்சாரில் வாழ்ந்தபோது, வீட்டுப் புத்தகங்களுக்கு நடுவே வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷம் ஒன்று அவர் கையில் கிடைத்திருந்தது. விதை அப்போதே விழுந்தது. ஆனால் முளைக்க நாளாயிற்று. கணவர் இறந்த பின் பூனா வந்து, பெண்களுக்காக ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். அதே 1882-ல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் நின்று, பெண்களுக்குப் பெண் ஆசிரியரும் பெண் மருத்துவரும் வேண்டும் என்று வாதாடினார். தாமே மருத்துவம் படிக்க வேண்டும் என்று 1883-ல் குழந்தையோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

அங்கேயும் அடி. காது கேட்பதில் குறை இருந்ததால் மருத்துவப் படிப்பின் கதவு அடைபட்டது. கூட வந்த ஆனந்திபாய் பகத் என்ற தோழி மனம் உடைந்து தற்கொலை செய்துகொண்டார். அந்நிய நாடு, புரியாத மொழி, கைக்குழந்தை, கைவிட்டுப் போன படிப்பு, இறந்து கிடக்கும் தோழி. எல்லாம் முடிஞ்சு போச்சு என்று சொல்ல இந்த உலகத்தில் யாருக்காவது உரிமை உண்டென்றால் அது அவருக்குத்தான்.

ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. காரணம் என்ன? வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் அவர் தங்கியிருந்தார். அந்தச் சகோதரிகள் லண்டனில் நடத்திய ஒரு இல்லத்தைப் போய்ப் பார்த்தார். சமூகம் கெட்டுப் போனவர்கள் என்று ஒதுக்கிய பெண்களை அங்கே யாரும் திட்டவில்லை, அன்போடு கவனித்தார்கள். தம் நாட்டில் அப்படிப்பட்ட பெண்களுக்கு அந்த அன்பு கிடைத்து அவர் பார்த்ததில்லை. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய சம்பவத்தை யோவான் சுவிசேஷத்தில் வாசிக்கச் சொன்னார்கள். ஊரே தள்ளிவைத்த பெண்ணிடம் தண்ணீர் கேட்டுப் பேச்சைத் தொடங்கிய அந்த இயேசு, பஞ்சத்தில் தாயைச் சுமந்த இந்தப் பெண்ணின் மனதைத் தொட்டார். 1883 செப்டம்பர் 29 அன்று மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

நான் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவன். நீங்கள் வேறு மதத்தவராய் இருக்கலாம், எந்த மதமும் வேண்டாம் என்பவராயும் இருக்கலாம். யாரையும் மாற்றுவதற்காக இதை எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: ஞானஸ்நானம் எடுத்தவுடன் அவருடைய துக்கம் மாயமாய் மறைந்துவிடவில்லை. குருமார் சொன்னதற்கெல்லாம் தலையாட்டாமல் கேள்வி கேட்டார், சகோதரிகளோடு வாதாடினார். மதம் கிடைத்தது, ஆனால் கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை என்று எட்டு வருஷம் உள்ளுக்குள் தவித்தார். 1891 வாக்கில்தான் மனதில் முழு சமாதானம் வந்ததாகத் தம் சாட்சியில் எழுதியிருக்கிறார். காயம் ஆற நாளாகும் நண்பர்களே. உடனே ஆறவில்லையே என்று யாரும் சோர வேண்டாம்.

ஆறும் வரை அவர் சும்மா உட்காரவும் இல்லை. 1886-ல் அமெரிக்கா போனார். 1887-ல் உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் இளம் விதவைகளுக்காக சாரதா சதன் என்ற பள்ளியைத் திறந்தார். அடுத்த வருஷம் அது பூனாவுக்கு மாறியது. முதல் மாணவிகளில் ஒருவரான கோதுபாயைத்தான் பிற்காலத்தில் பாரத ரத்னா பெற்ற கார்வே மறுமணம் செய்துகொண்டார். 1893-ல் மதமாற்றக் குற்றச்சாட்டு கிளம்பியது. திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பல மாணவிகளை வீட்டார் வந்து அழைத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களை வைத்துக்கொண்டு அம்மையார் பள்ளியை நடத்தினார்.

1896-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் என்ற செய்தி வந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய பசி அவருக்கு மறந்திருக்குமா? நேரே கிளம்பிப் போனார். எலும்பும் தோலுமாய்க் கிடந்த பெண் குழந்தைகளை, விதவைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஏறக்குறைய முந்நூறு பேர். பூனாவுக்கு அருகில் கேட்காவ்ன் என்ற ஊரில் வாங்கியிருந்த நிலத்தில் அவர்களைத் தங்கவைத்தார். அதுதான் முக்தி மிஷன். 1900-ல் குஜராத் பஞ்சத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்தார்கள். எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டாயிரத்தைத் தொட்டது.

தொழில்நுட்பம் படிக்கிற நமக்கு ரொம்பப் பிடிக்கக்கூடிய இடம் இனிமேல்தான். அம்மையார் அந்தப் பெண்களை வெறும் சோற்றுக்கு உட்காரவைக்கவில்லை. தறி போட்டார், எண்ணெய் ஆட்டவைத்தார், விவசாயம், மாடு வளர்ப்பு, தையல், அச்சுத் தொழில் எல்லாம் கற்றுக் கொடுத்தார். பார்வையற்ற பெண்களுக்கு மகள் மனோரமா பிரெயில் சொல்லிக் கொடுத்தார். அந்தக் காலத்திலேயே பெண்களுக்கென்று ஒரு பாலிடெக்னிக் என்றே அதைச் சொல்லலாம். கை வேலை கற்றுக்கொண்டபோது, நாம் யாருக்கும் பாரமில்லை என்ற எண்ணம் அவர்களுக்குள் வந்தது. ஜெபமும் தொழிலும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. சீக்காளிகளுக்கு மருந்தும் உண்டு. ஜெபம் இருக்கிறதே, வைத்தியம் எதற்கு என்று அம்மையார் விட்டுவிடவில்லை.

படிப்பறியாத கிராமத்துப் பெண்ணுக்கும் புரிகிற எளிய மராத்தியில் பைபிள் வேண்டும் என்று நினைத்தார். அதற்காக எபிரேயமும் கிரேக்கமும் கற்று, தாமே முழுவதையும் மொழிபெயர்த்தார். பஞ்சத்தில் பொறுக்கியெடுத்த அதே பெண்கள் எழுத்துக் கோத்து, பக்கம் கட்டி, மிஷினில் ஓட்டினார்கள். 1921 ஜூலையில், தம் பணிக்கு வாரிசு என்று நம்பியிருந்த மனோரமா நாற்பது வயதில் இறந்தார். அம்மையாரின் உடம்பும் தளர்ந்திருந்தது. என்றாலும் புரூஃப் திருத்துவதை அவர் நிறுத்தவில்லை. வேலையை முடித்துவிட்டுத்தான், 1922 ஏப்ரல் 5 அன்று கண்ணை மூடினார். 1989-ல் இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. கேட்காவ்னில் முக்தி மிஷன் இன்றும் நடக்கிறது.

இவர் கதையில் என்னை உலுக்கியது இதுதான்: இழந்தது ஒன்றும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அப்பா, அம்மா, அக்கா, அண்ணன், கணவர், கடைசியில் மகள், யாரும் திரும்பவில்லை. காதும் சரியாகவில்லை, டாக்டர் பட்டமும் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு. தன்னை ஒருவர் கைவிடவில்லை என்ற உறுதி கிடைத்தது. தான் பட்ட பசியைக் கொண்டே அடுத்தவர் பசியை அடையாளம் காணும் கண் கிடைத்தது. விசுவாசம் என்றால் கஷ்டம் வராது என்பதல்ல, கஷ்டத்துக்கு நடுவிலும் கை ஓயாமல் இருப்பது என்று நான் இவரிடம் கற்றுக்கொண்டேன்.

ஆகவே நண்பா, கட்டிலில் முகம் புதைத்துப் படுத்திருக்கிறாயே, உன்னைத்தான் சொல்கிறேன். அரியர் பேப்பரை அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், போன உயிரைத் திருப்பி எழுத முடியாது. மனசு தாங்கவில்லையென்றால் பக்கத்து ரூம் கதவைத் தட்டு. வார்டனிடம் சொல், வீட்டுக்குப் பேசு, தேவைப்பட்டால் டாக்டரைப் பார். உனக்குப் பழக்கமான முறையில் கடவுளையும் கூப்பிடு. பக்கத்து ரூமில் இருப்பவர்களே, கதவு தட்டும் சத்தம் கேட்டால் படிப்பு இருக்கிறது என்று சொல்லாமல் எழுந்து போய்த் திறங்கள். தாயின் உடலைத் தூக்க அன்றைக்கு முன்பின் தெரியாத இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். நாமும் அந்த இரண்டு பேராக இருக்கலாம்.