நின்ற இதயத்தை இயக்கிய பொறியியலாளர்
மருத்துவம் பயிலாத ஒருவர் மருத்துவ உலகிற்கு ஆற்றிய பெருந்தொண்டினை நாம் ஈண்டு நினைவுகூர்கின்றோம். வில்லியம் கூவன்ஹோவன் 1886இல் நியூயோர்க்கின் புறூக்ளினிற் பிறந்தார். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியற் பேராசிரியராய் விளங்கினார். மின்சாரந் தாக்கியோரைக் காக்கும் வழியை ஆராய்ந்த அவர், ஓய்வுபெற்ற பின்னரும் ஆய்வைக் கைவிட்டாரல்லர்.

அக்காலத்தில் நின்ற இதயத்தை இயக்க நெஞ்சைத் திறந்து கையாற் பிசைவர். நாயின் மார்பிற் பாரமான மின்வாய்களை அழுத்துகையிற் குருதியமுக்கம் உயர்வதை அவர்தம் இளந்துணைவர் நிக்கர்பொக்கர் கண்டார். அச்சிறு குறிப்பினின்றே புதுமுறை பிறந்தது. சத்திர வைத்தியர் ஜூட் அவர்களுடன் மூவரும் 1960இல் அதனை வெளியிட்டனர். 20 நோயாளருள் 14 பேர் பிழைத்தனர்.

1969இல் அப்பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் வழங்கியது. 1975இல் அவர் மறைந்தார். இன்று மார்பழுத்தத்துடன் தன்னியக்க மின்னதிர்வுக் கருவியும் சேர்ந்து உயிர்காக்கின்றது. எம் மாணவர் ஒவ்வொருவரும் அம்முறையைப் பயிலுதலே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.