தாமஸ் பெயின்

முடியாட்சியை எதிர்த்துப் போராடியோர் சரித்திரத்தில் அநேகர். சிறைப்பட்ட மன்னனுடைய உயிருக்காகவும் வாதாடியோர் மிகச் சிலர். தாமஸ் பெயின் அச்சிலருள் ஒருவர்.

1737-ல் இங்கிலாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்த பெயின், வரி இலாகா உத்தியோகத்தை இழந்து, 1774-ல் அமெரிக்கா சேர்ந்தார். 1776 ஜனவரியில் அவர் வெளியிட்ட 'காமன் சென்ஸ்' என்னும் சிறு நூல், பிரிட்டிஷ் மன்னனுடன் சமரசம் நாடிய ஜனங்கள் பலரைப் பூரண சுதந்திரத்தின் பக்கம் திருப்பிற்று. ஜூலையில் சுதந்திரப் பிரகடனம் வெளியாயிற்று.

பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த அவர், 1792-ல் அந்நாட்டுத் தேசீய மகாசபைக்கு அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். பதினாறாம் லூயி மன்னனைக் கொல்லலாகாது, யுத்தம் முடியும்வரை காவலில் வைத்துப் பின்னர் அமெரிக்காவுக்கு நாடுகடத்துவதே தகும் என்று அங்கே வாதித்தார். பிரெஞ்சு பாஷையில் பேசும் பயிற்சியில்லாத அவருடைய உரையைப் பிறர் வாசித்தனர். சபை செவிசாய்க்கவில்லை. 1793 ஜனவரியில் மன்னன் சிரம் வீழ்ந்தது. டிசம்பரில் பெயினும் சிறை புகுந்தார். பத்து மாதங்களுக்குப் பின்னரே விடுதலை பெற்றார்.

சமய ஸ்தாபனங்களைக் கண்டித்து எழுதியமையால் பின்னாளில் அமெரிக்கரும் அவரை வெறுத்தனர். 1809-ல் நியூயார்க்கில் அவர் மரித்தபோது, சவத்தின் பின் சென்றோர் மிகச் சிலரே.

அந்நிய அதிகாரத்தை எதிர்க்கத் துணிவு வேண்டும். வெற்றி பெற்ற தன் கட்சியாரின் கோபத்துக்கு எதிரே நின்று நியாயம் பேச, அதனினும் பெருந்துணிவு வேண்டும். புதிய அரசு அமைப்போர் மறக்கலாகாத பாடம் இது.