டாக்டர் மிஷேல் மிரோவ்ஸ்கி

தமக்குற்ற துயரைத் தம்முள்ளேயே வைத்து மாய்வார் பலர்; அதனைப் பிறர்க்கு நலமாக மாற்றி வைப்பார் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் இருதய வைத்தியத்திற் பெயர்பெற்ற டாக்டர் மிஷேல் மிரோவ்ஸ்கி. அன்னாரின் சரித்திரத்தைச் சுருக்கி ஈண்டு வரைவாம்.

இவர் 1924ஆம் ஆண்டு போலந்து தேசத்து வார்சா நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். 1939இல் ஜெர்மானியர் அந்நகரைக் கைக்கொண்டனர். பதினைந்தே வயதினரான இவர் வீட்டைத் துறந்து கிழக்கே ருஷியாவிற்கு ஓடினார். போர் ஓய்ந்து மீண்டபோது குடும்பத்தில் எஞ்சியவர் இவர் ஒருவரே. பின்னர் பிரான்சு தேசத்து லியோன் நகரில் வைத்தியம் பயின்று, 1954இல் பட்டம் பெற்று, இஸ்ரவேல் நாட்டில் ஹாரி ஹெல்லர் என்னும் பேராசானிடம் பணியாற்றினார்.

1966இல் அவ்வாசானின் இருதயம் அடிக்கடி தாளந் தவறி விரைந்து துடிக்கலாயிற்று. அத்துடிப்பு முற்றிக் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்குமாயின், குருதி ஓடாது. சில நிமிஷங்களில் உயிர் பிரியும். உடனே மார்பின்மீது மின்சார அதிர்ச்சி தருதலே அதற்குப் பரிகாரம். ஆயின் அதற்குரிய பொறியோ வைத்தியசாலையில் இருந்தது. ஆசானோ இல்லத்திற் குடும்பத்தாருடன் உணவருந்தும்போதே உயிர்துறந்தார். வைத்தியசாலைக் கட்டிலிற் சிறைப்பட்டுக் கிடப்பது, அன்றேல் வீடு சென்று சாவை எதிர்நோக்குவது என்னும் இவ்விரண்டன்றி வேறு வழியில்லையா என்று மாணாக்கரின் உள்ளம் வினவிற்று. அப்பொறியையே சிறிதாக்கி நோயாளியின் உடலினுள் வைத்தல் வேண்டும் என்பதே அவர் கண்ட விடை.

1968இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள சைனாய் வைத்தியசாலையிற் பணியேற்று, அடுத்த ஆண்டே டாக்டர் மார்ட்டன் மோவர் என்பாருடன் சேர்ந்து முதல் மாதிரியை அமைத்தார். அறிஞருலகமோ நகைத்தது. மார்பின் வெளியே தரும் மின்னதிர்ச்சி வைத்தியத்தை வளர்த்த பெருமையுடைய பெர்னார்டு லவுன் என்பாரே 1972இல் இம்முயற்சியை மறுத்தெழுதினார். நாயொன்று இருதயம் நடுங்கி வீழ்ந்து, உள்ளிருந்த கருவியின் அதிர்ச்சியால் எழுந்து நிற்பதைப் படமெடுத்துக் காட்டியபோது, வீழவும் எழவும் அதனைப் பழக்கியிருக்கலாமே என்றாரும் உளர். அவர் சினவாது, இருதயத் துடிப்பின் வரைகோடும் உடன் தோன்றுமாறு படத்தை மீண்டும் எடுத்தார்.

1980ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில், ஒரு பெண்மணியின் உடலில் அக்கருவி முதன்முதல் வைக்கப்பெற்றது. 1985இல் அமெரிக்க அரசாங்கம் அதனை அங்கீகரித்தது. ஐந்தாண்டு கழித்து, 1990இல், மிரோவ்ஸ்கி புற்றுநோயால் மறைந்தார்.

அவர் விதைத்தது அவருக்குப் பின்னும் வளர்ந்தது. மாரடைப்பால் இருதயம் நலிந்தோருட் பலர் இக்கருவியால் நெடிது வாழ்வர் என்பதை 1996இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று நிறுவிற்று. நலிந்த இருதயத்தின் இருபுறமும் ஒருங்கே சுருங்குமாறு தூண்டும் கருவியும் பின்னர் இதனோடு இணைந்தது. ஆயினும், மூப்பில் வேறு பல நோய்களும் உயிரைக் கவர்வன ஆதலின், முதியோர் யாவர்க்கும் பயன் ஒருபடித்தன்று. மாரடைப்பாலன்றிப் பிற காரணத்தால் இருதயம் நலிந்தோருள், முதியோரினும் இளையோரே இதனால் மிக்க நன்மையடைந்தனர் என 2016இல் டென்மார்க்கு தேசத்து ஆராய்ச்சியொன்று காட்டிற்று. இறுதிக் காலம் அணுகிய முதியவருக்கு அவ்வதிர்ச்சி ஆறுதலன்று, வேதனையே. ஆதலின் நோயாளி விரும்பின், உடலைக் கீறாமலே வெளியிலிருந்து அதனை நிறுத்திவைக்கவும் வழியுண்டு. பொருத்துமுன் அவரிடம் இதனை எடுத்துரைத்தல் வைத்தியர் கடன்.

இது மிரோவ்ஸ்கியின் நோக்கத்திற்கு முரணாமோ எனின், அன்று என்போம். சாவையே உலகினின்று ஒழிக்க அவர் புறப்பட்டாரல்லர். தம் ஆசான் போன்றார் சுற்றத்தாரோடு அச்சமின்றி உணவருந்தவே உழைத்தார். அவ்வமைதியைத் தருங்காறும் கருவி விழித்திருக்கட்டும்; தர இயலாத நாளில் அது உறங்குவதும் அன்பேயாம். ஆயுளின் எல்லை கர்த்தர் கையில் உள்ளது. அவ்வெல்லைவரை அயலானுக்குத் துணைநிற்றல் நம் கையில் உள்ளது. குடும்பம் முழுவதையும் இழந்த ஒருவர் பிறர் குடும்பங்களைக் காத்த இச்சரித்திரம், ஆசிரியரை இழக்கும் மாணாக்கர் செலுத்தத்தக்க மெய்யான நன்றிக்கடன் இன்னதென நமக்குக் காட்டுவதாக.