மாளிகைக்கு பெயர் கொடுத்தார். கட்டும் முன்பே கண் மூடினார்! ரிப்பன் பிரபுவின் கதை

சென்னை சென்டிரல் ரெயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வெள்ளை வெளேர் என்று கண்ணில் படுவது ரிப்பன் மாளிகை. குப்பை, தெரு விளக்கு, கொசுத்தொல்லை, சொத்து வரி என்று சென்னை நகரத்தின் அத்தனை பிரச்சினைக்கும் தலைமை இடம் இதுதான்.

தினமும் பஸ்சில் இந்த வழியாகப் போகிறவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் யார் இந்த ரிப்பன் என்று கேட்டால் பல பேருக்கு தெரியாது. வெள்ளைக்கார துரை என்பதோடு சரி.

அவருக்கும் நம்ம ஊர் ஓட்டுச்சாவடிக்கும் சம்பந்தம் இருக்கிறது.

பிரதமர் வீட்டுப் பிள்ளை

ரிப்பன் பிறந்தது 1827-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி. பிறந்த இடம், லண்டனில் உள்ள 10-ம் எண் டவுனிங் தெரு வீடு. அதாவது இங்கிலாந்து பிரதமரின் அதிகாரபூர்வ வீடு. அப்போது அவரது அப்பாதான் பிரதமர்.

ஜார்ஜ் ராபின்சன் என்பது இவரது சொந்தப்பெயர். ரிப்பன் என்பது வடக்கு இங்கிலாந்தில் உள்ள ஒரு சிறிய ஊர். அந்த ஊர்ப் பெயரில் குடும்பத்துக்கு பட்டம் கிடைத்தது. அதுவே கடைசி வரை பெயராக நிலைத்து விட்டது.

பள்ளிக்கூடம், கல்லூரி எதற்கும் அவர் போனதில்லை. வீட்டிலேயே பாடம் படித்தார். பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இளம் வயதில் அவருடைய மனசு தொழிலாளர் பக்கம் இருந்தது. 1852-ல் இங்கிலாந்தில் என்ஜினீயரிங் தொழிலாளர்கள் முதலாளிகளோடு மோதியபோது, அவர்களுக்கு ஆதரவாக நின்றார்.

இந்தியாவுக்கு வந்தார்

எம்.பி., மந்திரி என்று படிப்படியாக உயர்ந்த அவர், 1880-ம் ஆண்டு இந்தியாவின் வைஸ்ராயாக வந்து சேர்ந்தார். நாலரை ஆண்டுதான் இருந்தார். அதற்குள் செய்தது ஏராளம்.

அப்போது மில்களில் பச்சைக் குழந்தைகளைக்கூட வேலை வாங்கினார்கள். 1881-ல் முதல் தொழிற்சாலை சட்டம் வந்தது. 7 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கக்கூடாது, 12 வயது வரை உள்ளவர்களை ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது அந்த சட்டம். இன்றைக்கு பார்த்தால் அதுவே கொடுமை. ஆனால் அன்றைக்கு அதுகூட இல்லாமல் இருந்தது.

இந்திய மொழி பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு போட்டிருந்த சட்டத்தை 1882-ல் ரத்து செய்தார்.

எல்லாவற்றையும் விட பெரியது, 1882-ம் ஆண்டு மே 18-ந் தேதி அவர் கொண்டு வந்த உள்ளாட்சி தீர்மானம். ஊர் காரியத்தை ஊர் மக்களே பார்க்க வேண்டும். உறுப்பினர்களில் அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. முடிந்த இடங்களில் தேர்தல் நடத்த வேண்டும். தலைவரும் அதிகாரியாக இல்லாமல் பொதுமக்களில் ஒருவராக இருக்க வேண்டும். இதுதான் அதன் சாரம்.

நிர்வாகம் நன்றாக நடக்க வேண்டும் என்பதைவிட, மக்கள் அரசியல் பழக வேண்டும் என்பதே அவரது நோக்கமாக இருந்தது.

வெள்ளைக்காரர்கள் கொதிப்பு

1883-ல் இல்பர்ட் மசோதா வந்தது. வெளியூர்களில் குற்றம் செய்யும் வெள்ளைக்காரர்களை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்றது அந்த மசோதா. அவ்வளவுதான், இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். சொந்த இனத்தாரே ரிப்பனை வசை பாடினார்கள்.

கடைசியில் பாதி ஜூரிகள் ஐரோப்பியராக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்க உரிமை கொடுத்து, சமரசம் செய்ய வேண்டியதாயிற்று. அந்த விஷயத்தில் ரிப்பன் பின்வாங்கினார் என்பதே உண்மை.

ஆனாலும் 1884 டிசம்பரில் அவர் ஊருக்கு கிளம்பியபோது வழி எங்கும் ஜனங்கள் கூடி வழியனுப்பினார்கள். வேறு எந்த வைஸ்ராய்க்கும் அப்படி ஒரு பிரியாவிடை கிடைத்ததில்லை. தமிழ்நாட்டில் அவரை அப்பன் என்றே சொல்லி கொண்டாடினார்கள்.

ஊருக்கு போன பிறகு 1895-ல் ரிப்பன் நகரத்துக்கே மேயராகவும் இருந்தார். ஒரு தேசத்தை ஆண்டவர், சின்ன ஊருக்கு மேயராக உட்கார கூச்சப்படவில்லை.

இடம் போதாத மாநகராட்சி

சென்னை மாநகராட்சி 1688-ல் தொடங்கியது. இந்தியாவிலேயே பழமையானது இதுதான். ஆனால் அதற்கென்று சொல்லிக்கொள்ளும்படி பெரிய கட்டிடம் இல்லை. ஜார்ஜ் டவுனில் எர்ரபாலு செட்டி தெருவில்தான் அலுவலகம் நடந்தது. ஊர் வளர வளர இடம் போதவில்லை.

எனவே புதிய கட்டிடம் கட்ட திட்டம் போட்டார்கள். பீப்பிள்ஸ் பார்க் எனப்பட்ட பெரிய பூங்காவில் இடம் ஒதுக்கப்பட்டது. ஹாரிஸ் என்பவர் வரைபடம் போட்டார். கட்டும் பொறுப்பு லோகநாத முதலியாருக்கு கிடைத்தது.

இந்த நேரத்தில்தான், 1909-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி ரிப்பன் இங்கிலாந்தில் காலமானார். அவருக்கு வயது 81. சுமார் 5 மாதம் கழித்து டிசம்பர் 11-ந் தேதி, அன்றைய வைஸ்ராய் மின்டோ கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

4 ஆண்டு வேலை

கட்டிடத்தின் நீளம் 85 மீட்டர். அகலம் 32 மீட்டர். நடுவில் 43 மீட்டர் உயரத்தில் கோபுரம், அதில் பெரிய கடிகாரம். செங்கல் சுவருக்கு சுண்ணாம்பு சாந்து பூசினார்கள். கூரையை தாங்க தேக்கு மர உத்திரங்கள் போட்டார்கள். மொத்த செலவு 7½ லட்சம் ரூபாய். அதில் 5½ லட்சம் லோகநாத முதலியாருக்கு கொடுக்கப்பட்டது.

1913-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி வைஸ்ராய் ஹார்டிஞ்ச் திறந்து வைத்தார். உள்ளாட்சிக்கு வழி காட்டியவர் என்பதால் ரிப்பன் பெயரே சூட்டப்பட்டது.

பெயர் வந்தது, அதிகாரம் வரவில்லை

ஆனால் ஒரு வேடிக்கை. மாளிகையை திறந்தபோது மாநகராட்சி தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஒரு வெள்ளைக்கார அரசு அதிகாரி. தலைவர் அதிகாரியாக இருக்கக்கூடாது என்று சொன்னவர் பெயரில் கட்டிடம், உள்ளே அதிகாரியே தலைவர்!

1919-ம் ஆண்டு சட்டத்துக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவராக பிட்டி தியாகராயர் வந்தார். 1933-ல் ராஜா சர் முத்தையா செட்டியார் மேயர் ஆனார்.

சுதந்திரம் கிடைத்த பிறகும் இந்த மாளிகை பல தடவை கவுன்சிலர்கள் இல்லாமல் இருந்திருக்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 5 ஆண்டுக்கு மேல் தேர்தலே நடக்கவில்லை. அதிகாரிகள்தான் நிர்வாகம் செய்தார்கள். சாக்கடை அடைத்தால் போய் சொல்ல வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இல்லாமல் ஜனங்கள் அலைந்தார்கள்.

2022 பிப்ரவரியில் 200 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. மார்ச் 4-ந் தேதி பிரியா மேயர் ஆனார். தாழ்த்தப்பட்ட சமுதாயத்தில் இருந்து வந்த முதல் பெண் மேயர் அவர். பிரதமர் வீட்டில் பிறந்த துரையின் பெயர் தாங்கிய மாளிகையில், வடசென்னை பெண் ஒருவர் செங்கோல் பிடித்தார்.

ஊர் காரியத்தை ஊர் மக்களே பார்க்க வேண்டும் என்று ரிப்பன் சொல்லி அப்போது 140 ஆண்டுகள் ஆகி இருந்தது.